பாவித்த காரும் 13 சதவீத வரியும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், விசேடமாக ரொறன்ரோ மாநகரிலும் அதனைச் சூழவுள்ள மார்க்கம், பிரம்ரன், மிசிசாகா ஆகிய நகரங்களிலும் வாழும் எம்மவருள் கணிசமானோர் சிறு வர்த்தகத்தில் ஈடுபட்டு வருகின்றனர். மளிகைக் கடை, உணவு விநியோகம், கட்டடங்களைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தம், வீடு திருத்தும் தொழில், பொதி விநியோகம் என இவை பலவகைப்படும். இவற்றுள் எதை எடுத்துக்கொண்டாலும் தொழிலின் முதற் பெருஞ் செலவு பெரும்பாலும் ஒரு வாகனமாகவே இருக்கும். அவ்வாகனமும் பெரும்பாலும் இன்னொருவர் பாவித்ததாகவே இருக்கும்.

அத்தகைய வாகனத்தை வாங்குபவர் 13 சதவீத வரி செலுத்துகின்றார். வாகன வியாபாரியிடம் வாங்கினாலும் 13 சதவீதம். அயலவரிடமோ நண்பரிடமோ வாங்கினாலும் 13 சதவீதம். எனவே வரியைப் பொறுத்தவரை எங்கு வாங்கினாலும் ஒன்றே என்ற எண்ணம் எம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. வீட்டுத் தேவைக்காகக் கார் வாங்குபவரைப் பொறுத்தவரை இந்த எண்ணத்திற் பெரிய தவறில்லை. ஆனால் வர்த்தகத்துக்காக வாங்குபவரைப் பொறுத்தவரை இது முற்றிலும் தவறானது. ஏனெனில் அவை ஒரே வரியல்ல. ஒரே வீதத்தைக் கொண்ட இரு வேறு வரிகளாகும். அவற்றுள் ஒன்று வர்த்தகருக்குத் திரும்பி வரக்கூடியது. மற்றையது ஒருபோதும் திரும்பி வராதது.

இந்த வேறுபாட்டைப் பலர் வாகனத்தை வாங்கி, பதிவு செய்து, வருட இறுதியிற் கணக்காளரின் மேசைக்கு முன்னால் அமரும்போதே அறிந்துகொள்கின்றனர். அப்போது செய்வதற்கு எதுவுமில்லை. இங்கிருந்து உறவினரின் தொழிலுக்குப் பணம் அனுப்பியவர்களும், அங்கு செல்லத் தயாராக இருப்பவர்களும் எமது வாசகர்களுள் உள்ளனர் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே நோக்குவது பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

இலங்கையிலுள்ள வாசகர்களுக்கு இதன் அடிப்படை புதியதன்று. 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் எமது நாட்டில் நடைமுறைக்கு வந்த பெறுமதி சேர் வரியின் தத்துவம் யாதெனில், வரியின் சுமை இறுதி நுகர்வோரையே சாரவேண்டும், இடையிலுள்ள வர்த்தகரைச் சாரக்கூடாது என்பதாகும். பதிவு செய்த வர்த்தகர் தான் வாங்கும்போது செலுத்திய வரியை, தான் விற்கும்போது அறவிட்ட வரியிலிருந்து கழித்துக்கொண்டு, மிகுதியையே இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துகின்றார். வாங்கும்போது செலுத்தியதை நாம் உள்ளீட்டு வரி என்கின்றோம். ஒன்ராறியோவில் எச்.எஸ்.ரி. என அழைக்கப்படும் இணைந்த விற்பனை வரியும் இதே வகையைச் சேர்ந்ததே. 2010 ஜூலை முதலாம் திகதி சமஷ்டி அரசாங்கத்தின் 5 சதவீத ஜீ.எஸ்.ரி.யும் மாகாணத்தின் 8 சதவீத விற்பனை வரியும் ஒன்றாக்கப்பட்டு இந்த 13 சதவீத வரி உருவாக்கப்பட்டது.

ஆனால் ஒரு வரியை அறவிடுவதற்கு, விற்பவர் வரிக்குப் பதிவு செய்தவராக இருத்தல் வேண்டும். தனது சொந்தக் காரை விற்கும் ஓர் ஆசிரியரோ தாதியோ அவ்வாறு பதிவு செய்தவரல்லர். ஆகவே அவரது விற்பனைக்கு எச்.எஸ்.ரி. பொருந்தாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்காக ஒன்ராறியோ மாகாணம், பொதுவாகக் கைவிட்டுவிட்ட தனது பழைய சில்லறை விற்பனை வரியை இந்த விடயத்தில் தக்கவைத்துக்கொண்டதுடன், அதன் வீதத்தையும் 8 இலிருந்து 13 ஆக உயர்த்தியது. வியாபாரியிடம் வாங்குபவருக்கும் தனியாரிடம் வாங்குபவருக்கும் இடையில் வேறுபாடு ஏற்படாதிருக்கவே வீதம் சமமாக்கப்பட்டது. நுகர்வோரைப் பொறுத்தவரை அது சமமானதுதான். ஆயினும் இச்சில்லறை விற்பனை வரி பெறுமதி சேர் வரியின் வகையைச் சேர்ந்ததன்று. அதற்கு உள்ளீட்டு வரிக் கழிவு என்ற ஒன்று கிடையாது. வாகனத்தின் உரிமையை மாற்றுவதற்காகச் சேர்விஸ் ஒன்ராறியோ கருமபீடத்தில் வாங்குபவர் அதனைச் செலுத்துகின்றார். செலுத்தியதோடு அது முடிந்துவிடுகின்றது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். துப்புரவுத் தொழில் செய்யும் ஒரு சிறு கம்பனி எச்.எஸ்.ரி.க்குப் பதிவு செய்துள்ளது. அதற்கு ஒரு வாகனம் தேவைப்படுகின்றது. தெரிந்தவர் ஒருவர் தனது வாகனத்தை 20,000 டொலருக்குத் தருவதாகக் கூறுகின்றார். அதேபோன்ற வாகனம் பதிவுபெற்ற வியாபாரி ஒருவரிடம் 21,500 டொலருக்கு இருக்கின்றது. தெரிந்தவரிடம் வாங்கினால் 1,500 டொலர் மிச்சமெனக் கம்பனி உரிமையாளர் கணக்கிடுகின்றார். தெரிந்தவரின் வாகனத்துக்கு அவர் செலுத்தும் சில்லறை விற்பனை வரி 2,600 டொலர். ஆக மொத்தச் செலவு 22,600 டொலர். வியாபாரியின் வாகனத்துக்கு எச்.எஸ்.ரி. 2,795 டொலர். அதனைச் சேர்த்து அவர் 24,295 டொலரைக் கொடுக்க வேண்டியிருப்பது உண்மையே. ஆனால் அடுத்த வரிக்கூற்றில் அந்த 2,795 டொலரும் அவருக்குத் திரும்பிவிடுகின்றது. ஆகவே உண்மையான செலவு 21,500 டொலர் மட்டுமே. மலிவென எண்ணிய வாகனம் 1,100 டொலர் கூடுதலாக முடிந்திருக்கின்றது.

சுருக்கமாகக் கூறின், இத்தகைய கம்பனிக்கு 20,000 டொலர் பெறுமதியான தனியார் வாகனம், வரிக்கு முன்னர் 22,600 டொலர் விலை கூறும் வியாபாரியின் வாகனத்துக்கே சமமானதாகும். திரும்பப் பெறமுடியாத அந்த 2,600 டொலர் முற்றாக வீணாகிவிடுவதில்லை. அது வாகனத்தின் கொள்விலையோடு சேர்ந்து, வருமான வரிக் கணக்கில் வருடாந்தப் பெறுமானத் தேய்வாகச் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். ஆனால் வருமானத்திலிருந்து கழிப்பது வேறு, செலுத்திய வரியை முழுமையாகத் திரும்பப் பெறுவது வேறு. முன்னையதில் ஒரு டொலருக்குச் சில சதங்களே தேறும். பின்னையதில் ஒரு டொலருக்கு ஒரு டொலர் கிடைக்கும்.

எம்மவர் தனியாரிடம் வாங்குவதையே விரும்புவதற்குப் பல காரணங்கள் உள்ளன. ஊர்த் தொடர்பு, நம்பிக்கை, கடன் வரலாறு இல்லாமை என்பன அவற்றுட் சில. வட்டியுடன் கூடிய வாகனக் கடனைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வர்த்தகர்கள் பலர் முழுத்தொகையையும் காசாகக் கொடுத்து வாங்கக்கூடிய பழைய வாகனத்தையே நாடுகின்றனர். இவை மதிக்கத்தக்க காரணங்களே. ஆனால் இவற்றோடு கூடவே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டுள்ளது. அதனை நாம் பூசி மெழுக விரும்பவில்லை. கொடுத்த விலையைக் குறைத்து எழுதுவதே அதுவாகும்.

விலையைக் குறைத்து எழுதினால் வரி குறையும் என்பது பழைய காலத்துக் கணக்கு. ஒன்ராறியோவில் தனியார் விற்பனைக்கான வரி, பத்திரத்தில் எழுதப்பட்ட விலையின் மீது மட்டும் விதிக்கப்படுவதில்லை. அந்த விலை, ரெட் புக் என்ற விலைநூலில் அவ்வாகனத்துக்குக் குறிக்கப்பட்டுள்ள மொத்த விற்பனைப் பெறுமதி ஆகிய இரண்டினுள் எது கூடியதோ அதன் மீதே வரி விதிக்கப்படுகின்றது. ஒருவர் 9,000 டொலருக்கு வாங்கிய காரை 5,000 டொலரென எழுதுகின்றார் என வைத்துக்கொள்வோம். விலைநூலிற் பெறுமதி 8,500 டொலராயின் அவர் செலுத்தவேண்டியது 1,105 டொலர். உண்மையை எழுதியிருந்தால் 1,170 டொலர். மிச்சம் 65 டொலர் மட்டுமே. இந்த 65 டொலருக்காக அவர் அரசாங்கத்துக்குப் பொய்யான கூற்றொன்றைச் சமர்ப்பித்தவராகின்றார். அதனிலும் விசித்திரமானது யாதெனில், வர்த்தகக் கணக்கில் வாகனத்தின் கொள்விலையென அவர் காட்டக்கூடிய பத்திரம் 5,000 டொலர் என்றே கூறும். மீதி 4,000 டொலருக்குப் பெறுமானத் தேய்வு கோருவதற்கு அவரிடம் ஆதாரம் எதுவுமில்லை. தானே தனக்கெதிராகச் சாட்சியம் எழுதிக்கொடுத்த கதைதான் இது.

வாகனம் விபத்தில் அடிபட்டதாகவோ மிகப் பழுதடைந்ததாகவோ இருப்பதால் விலைநூலின் பெறுமதி நியாயமற்றதாயின், அதற்கு நேர்மையான வழியொன்று உண்டு. தகுதிவாய்ந்த மதிப்பீட்டாளரின் எழுத்துமூல மதிப்பீட்டைப் பெற்றுச் சமர்ப்பிக்கலாம். மேலும், தனியாராக விற்பவர் 20 டொலர் செலுத்தி, பாவித்த வாகனத் தகவற் கோவையொன்றைப் பெற்று வாங்குபவரிடம் கையளிக்க வேண்டுமென்பது அம்மாகாணத்தின் விதி. வாகனத்தின் முன்னைய உரிமையாளர்கள் யார், அதன் மீது கடன் எதுவும் உள்ளதா என்ற விபரங்களோடு, மொத்த விற்பனைப் பெறுமதியும் அதிற் காணப்படும். காசைக் கொடுப்பதற்கு முன்னர் அதனைப் பார்த்தாலே தான் செலுத்தப்போகும் ஆகக்குறைந்த வரி எவ்வளவென்பதை வாங்குபவர் அறிந்துகொள்ளலாம். பலர் அக்கோவையைக் கருமபீடத்தில் நீட்டும்போதுதான் முதன்முறையாகத் திறக்கின்றனர்.

குடும்பத்தினருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் வரியில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மை. வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், பேரன் பேர்த்திமார், சகோதரர் போன்ற நெருங்கிய உறவினருக்கு இடையிலான அன்பளிப்புக்குச் சத்தியக் கூற்றொன்றின் பேரில் விலக்கு அளிக்கப்படுகின்றது. ஆனால் எமது உறவுமுறையும் ஒன்ராறியோச் சட்டத்தின் உறவுமுறையும் ஒன்றல்ல. எமக்குச் சித்தப்பா தந்தைக்குச் சமமானவர். பெரியப்பாவின் மகன் உடன்பிறந்த அண்ணன். அச்சட்டத்திலோ சித்தப்பாவுக்கும் பெரியப்பாவின் மகனுக்கும் இடமில்லை. அதுமட்டுமன்றி இவ்விலக்கு ஆட்களுக்கிடையிலானது. தந்தை மகனுக்குக் கொடுப்பது வேறு. மகனின் கம்பனிக்குக் கொடுப்பது வேறு. கம்பனிக்குத் தந்தையும் இல்லை, தாயும் இல்லை. மறுபுறத்தில், அன்பளிப்பென எழுதிவிட்டுப் பின்கதவாற் பணம் கைமாறினால் அது பொய்ச் சத்தியமாகும்.

இனி, எச்.எஸ்.ரி. செலுத்திய வர்த்தகர் அதனைத் திரும்பப் பெறுவதற்குப் பூர்த்திசெய்ய வேண்டிய நிபந்தனைகளை நோக்குவோம். முதலாவது, அவர் பதிவு செய்தவராக இருத்தல் வேண்டும். தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் 30,000 டொலருக்கு மேற்படாத வருவாயைக் கொண்ட சிறு வர்த்தகர் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. விரும்பினால் பதிவு செய்யலாம். ஆனால் வாடகைக் கார் ஓட்டுபவரும், 2017 ஜூலை முதலாம் திகதி தொடக்கம் கைத்தொலைபேசிச் செயலிகளின் ஊடாகப் பயணிகளை ஏற்றிச் செல்பவரும் வருவாய் எவ்வளவு குறைவாயினும் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்யாதவருக்கு எந்த வரியும் திரும்பி வராது. அவருக்கு மேலே நாம் கூறிய இரு வழிகளும் ஒன்றேதான்.

இரண்டாவது, வாகனத்தை யார் வைத்திருக்கின்றார், எவ்வளவு தூரம் தொழிலுக்குப் பாவிக்கின்றார் என்பதாகும். இங்கேதான் சட்டம் சிக்கலடைகின்றது. சொந்தமாக வாங்கிய வாகனத்தை வரிக்குட்பட்ட தொழிலுக்கு 50 சதவீதத்துக்கு மேற் பாவிக்கும் கம்பனி, செலுத்திய எச்.எஸ்.ரி. முழுவதையும் கோரலாம். 50 சதவீதமோ அதற்குக் குறைவோ எனின் எதுவுமில்லை. ஆனால் கம்பனியாக அன்றித் தன் பெயரிலேயே தொழில் செய்யும் தனியாளுக்கு வேறு அளவுகோல். அவர் வாங்கும் பயணிகள் காரை 90 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலுக்குப் பாவித்தால் மட்டுமே முழுத்தொகையையும் உடனடியாகக் கோரலாம். 10 சதவீதத்துக்கு மேல் 90 சதவீதத்துக்குள் எனின், வருடந்தோறும் அவர் தொழிலுக்காகக் கோரும் பெறுமானத் தேய்வில் 113 இல் 13 பங்கையே வரியாகத் திரும்பப் பெறலாம். உதாரணமாக ஒரு வருடத்திற் கோரிய தேய்வு 3,390 டொலராயின் அவ்வருடம் கிடைப்பது 390 டொலர். எஞ்சியது அடுத்தடுத்த வருடங்களில் வரும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் சென்றுவிட்டு அதே காரிற் கடைக்குச் சரக்கு ஏற்றும் எம்மவருள் அநேகர் இந்த மத்திய வகுப்பிலேயே அடங்குவர்.

சாரதியோடு மூவருக்கு மேல் அமர முடியாத, பெரும்பாலும் பொருட்களை ஏற்றுவதற்கே பாவிக்கப்படும் வான் அல்லது பிக்கப் வண்டி பயணிகள் கார் என்ற வரைவிலக்கணத்துக்குள் வராது. வாடகைக் காராக ஓட்டுவதற்கே பிரதானமாக வாங்கப்பட்டதும் அவ்வாறே. அத்தகைய வாகனத்துக்குத் தனியாளும் 50 சதவீத விதியின் கீழ் முழு வரியையும் கோரலாம். சரக்கு வானா, ஏழு பேர் அமரும் குடும்ப வானா என்ற தெரிவுக்கு வரிச் சட்டத்தில் இத்தகையதொரு விளைவும் உண்டு என்பதை வாங்கும் முன்னர் எண்ணிப்பார்ப்போர் சிலரே.

ஆடம்பரக் காரைத் தொழிலின் பெயரால் வாங்குபவருக்குச் சட்டம் ஒரு வரம்பை விதித்துள்ளது. 2025 இல் வாங்கப்பட்ட சாதாரண பயணிகள் காரின் விலையாக வரிக்கு முன்னர் 38,000 டொலரே கணக்கில் எடுக்கப்பட்டது. ஆகவே 45,000 டொலருக்கு வாங்கி 5,850 டொலர் எச்.எஸ்.ரி. செலுத்திய கம்பனிக்கும் 4,940 டொலரே திரும்பக் கிடைக்கும். கம்பனியின் காரை உரிமையாளர் சொந்தத் தேவைக்குப் பாவித்தால், அந்த நன்மை அவரது வருமானமாகக் கணிக்கப்பட்டு அதற்கும் வரி விதிக்கப்படும் என்பதையும் மறந்துவிடலாகாது.

மூன்றாவது நிபந்தனை பத்திரம். எமது அனுபவத்தில் இங்கும் சரி அங்கும் சரி, நியாயமான கோரிக்கைகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான். வாகனத்துக்கான விலைப்பட்டியலில் விற்பவரின் பெயர், திகதி, வாங்குபவரின் பெயர், வாகன விபரம், விலை, வரி என்பவற்றோடு விற்பவரின் எச்.எஸ்.ரி. பதிவிலக்கமும் இருத்தல் வேண்டும். ஒன்பது இலக்கங்கள், அடுத்து ஆர்.ரி. என்ற இரு ஆங்கில எழுத்துக்கள், அதன்பின் நான்கு இலக்கங்கள் என்ற அமைப்பில் அது காணப்படும். அந்த இலக்கம் உண்மையானதா என்பதைக் கனடா வருமான முகவரகத்தின் இணையத்தளத்திலுள்ள பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். பதிவில்லாத ஒருவர் எச்.எஸ்.ரி. என்ற பெயரில் 13 சதவீதத்தை வாங்கிக்கொண்டு சென்றுவிட்டால், முகவரகம் அத்தொகையை வாங்கியவருக்குத் திருப்பித் தராது. விலைப்பட்டியல் கம்பனியின் பெயரில் இருக்கவேண்டும் என்பதும் முக்கியமானது. பணத்தைக் கம்பனி கொடுத்து, பத்திரத்தில் உரிமையாளரின் மனைவியின் பெயர் இருந்தால் கணக்காய்வாளர் கேள்வி எழுப்புவார்.

வீதியோரத்தில் அல்லது விளம்பரப் பக்கத்தில் தனியார் போல் நடித்துப் பல வாகனங்களை விற்கும் அனுமதியற்ற வியாபாரிகளும் அங்கு உள்ளனர். இவர்களிடம் வாங்குபவருக்கு இருவழியிலும் நட்டம். வியாபாரிக்குரிய பாதுகாப்பும் இல்லை. திரும்பி வரும் வரியும் இல்லை. ஒன்ராறியோவில் வாகன வியாபாரிகள் யாவரும் ஒம்விக் என அறியப்படும் மாகாண வாகனக் கைத்தொழிற் சபையிற் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவ்வாறு பதிவு பெற்றவர் விளம்பரப்படுத்தும் விலையில் எச்.எஸ்.ரி.யும் வாகனப் பதிவுக் கட்டணமும் தவிர்ந்த ஏனைய எல்லாக் கட்டணங்களும் அடங்கியிருத்தல் வேண்டும் என்பதும் விதி.

விற்பவர் வாகன வியாபாரியாகத்தான் இருக்கவேண்டும் என்பதுமில்லை. தனது பழைய வானை விற்கும் ஒரு வெதுப்பகக் கம்பனி எச்.எஸ்.ரி.க்குப் பதிவு செய்திருந்து, அந்த வானைப் பிரதானமாகத் தொழிலுக்கே பாவித்திருந்தால், அந்த விற்பனைக்கும் எச்.எஸ்.ரி.யே பொருந்தும். வாங்கும் கம்பனி அதனைத் திரும்பப் பெறலாம். கருமபீடத்தில் விலைப்பட்டியலைக் காட்டினாற் சில்லறை விற்பனை வரி செலுத்தவேண்டியதில்லை. ஆகவே தெரிந்தவரிடம்தான் வாங்குவதென முடிவெடுத்தவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, வாகனம் உங்கள் பெயரிலா உங்கள் கம்பனியின் பெயரிலா என்பதாகும்.

பழைய வாகனத்தைக் கொடுத்து வேறொன்றை மாற்றி எடுப்பவரிடையேயும் ஒரு தவறான விளக்கம் நிலவுகின்றது. பதிவு செய்யாத ஒருவர் 6,000 டொலர் பெறுமதியான தனது பழைய காரைக் கொடுத்து 18,000 டொலர் காரொன்றை வியாபாரியிடம் எடுத்தால், 12,000 டொலருக்கு மட்டுமே எச்.எஸ்.ரி. விதிக்கப்படும். அது 1,560 டொலர். பதிவு செய்த கம்பனிக்கு இச்சலுகை கிடையாது. வியாபாரி 18,000 டொலருக்கும் 2,340 டொலரை அறவிட, கம்பனி தான் கொடுத்த பழைய வாகனத்துக்கு 780 டொலரை அறவிட்டுத் தனது வரிக்கூற்றிற் காட்டவேண்டும். கணக்கின் இறுதியில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த 780 டொலரைக் காட்ட மறந்தவருக்கு, சில வருடங்கள் கழித்து அது வட்டியோடு நினைவூட்டப்படும்.

இவ்வளவையும் விளக்கிய பின்னர், இந்த ஏற்பாடு நியாயமானதா என்ற கேள்வியை நாம் தவிர்த்துவிட முடியாது. 30,000 டொலருக்கு ஒருவர் புதிய கார் வாங்கி 3,900 டொலர் வரி செலுத்துகின்றார். அதனை அவர் 18,000 டொலருக்கு இன்னொருவருக்கு விற்க, 2,340 டொலர் வரி. அவர் 10,000 டொலருக்கு ஒரு சிறு வர்த்தகருக்கு விற்க, 1,300 டொலர் வரி. ஒரே காருக்கு மூன்று தடவைகள் மொத்தம் 7,540 டொலர். புதிய விலையில் காற்பங்குக்கும் மேல். முதலாமவர் செலுத்திய வரியின் ஒரு பகுதி விலைக்குள் மறைந்திருக்க, அந்த விலையின் மீதே மீண்டும் வரி விதிக்கப்படுகின்றது. வரியின் மேல் வரி என்பது இதுவேயாகும். எமது நாட்டில் 1998 இல் ஜீ.எஸ்.ரி. வருவதற்கு முன்னர் இருந்த புரள்வு வரிக்கு எதிராகக் கூறப்பட்ட முறைப்பாடும் இதுவே என்பதை மூத்த வர்த்தகர்கள் நினைவுகூருவர்.

இதனைத் தவிர்க்க முடியாதென்று எவரும் கூறமுடியாது. பிரித்தானியாவில் பாவித்த கார் வியாபாரி விற்பனை விலை முழுவதற்குமன்றி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான வித்தியாசத்தின் மீது மட்டும் வரி செலுத்தும் திட்டமொன்று நடைமுறையில் உள்ளது. அங்குள்ள 20 சதவீத வற் வரியின்படி அவ்வித்தியாசத்தில் ஆறிலொரு பங்கே வரி. அவுஸ்திரேலியாவில், மறுவிற்பனைக்காகத் தனியாரிடம் பாவித்த பொருளை வாங்கும் பதிவுபெற்ற வியாபாரி, விலைக்குள் மறைந்திருக்கும் 10 சதவீத வரியைப் பதினொன்றிலொரு பங்கெனக் கணித்துக் கோரலாம். ஏன், கனடாவிலேயே 1991 இல் ஜீ.எஸ்.ரி. அறிமுகமானபோது, வரி காட்டாத பாவித்த பொருளை வாங்கிய வர்த்தகர் அதற்குள் வரி இருப்பதாகக் கொண்டு கோரும் உரிமையைப் பெற்றிருந்தார். 1996 ஏப்ரலில் அந்த உரிமை பெரும்பாலும் நீக்கப்பட்டது. அன்று நீக்கப்பட்டதன் சுமையை இன்று சுமப்பவர், சட்டத்தரணியும் கணக்காளரும் வைத்துக்கொள்ளும் வசதியற்ற சிறு வர்த்தகரே. பெரிய நிறுவனங்கள் அயலவரிடம் கார் வாங்குவதில்லை.

கனடாவின் எல்லா மாகாணங்களிலும் நிலைமை இவ்வாறில்லை. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரியே கிடையாது. அங்கு தனியாரிடம் கார் வாங்குபவர் விற்பனை வரி எதனையும் செலுத்துவதில்லை. வியாபாரியிடம் வாங்கினால் சமஷ்டி ஜீ.எஸ்.ரி. 5 சதவீதம் மட்டுமே. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ 2022 ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து தனியார் விற்பனைக்கும் விலைநூற் பெறுமதி கருத்திற் கொள்ளப்படுகின்றது. ஆகவே கல்கரியிலுள்ள மைத்துனர் தொலைபேசியிற் கூறும் ஆலோசனை ஸ்காபரோவிலுள்ளவருக்குப் பொருந்தாது.

இறுதியாக, சிறு வர்த்தகருள் பலர் அறியாத ஒரு விடயத்தைக் குறிப்பிட வேண்டும். சேவைத் தொழில் செய்வோர் பலர், கணக்கை எளிமையாக்குவதற்காக விரைவு முறை எனப்படும் முறையைத் தெரிவு செய்துள்ளனர். ஒன்ராறியோவில் அவர்கள் 13 சதவீதத்தை அறவிட்டு, வரியும் சேர்ந்த வருவாயில் 8.8 சதவீதத்தை அரசாங்கத்துக்குச் செலுத்தி மிகுதியைத் தாம் வைத்துக்கொள்கின்றனர். அதற்கு ஈடாக, எரிபொருள், தொலைபேசி போன்ற நாளாந்தச் செலவுகளின் மீதான வரியை அவர்கள் திரும்பக் கோர முடியாது. இதனால் வாகனத்துக்குச் செலுத்திய வரியையும் கோர முடியாதென அவர்கள் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. வாகனம் மூலதனச் சொத்து என்பதால், விரைவு முறையில் இருப்பவரும் மேற்கூறிய நிபந்தனைகளுக்கு அமைவாக அதற்கான எச்.எஸ்.ரி.யைக் கோரலாம். அவ்வாறு கோரத் தவறியவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. பெரும்பாலான சிறு வர்த்தகரைப் பொறுத்தவரை, முதன்முதலாகக் கோரியிருக்கக்கூடிய வரிக்கூற்றின் கடைசித் திகதியிலிருந்து நான்கு வருடங்களுக்குள் அதனைக் கோர முடியும். அலுமாரியில் இருக்கும் பழைய விலைப்பட்டியலை எடுத்து அதன் திகதியைப் பார்ப்பதே அவர்கள் முதலிற் செய்யவேண்டியது.